'நான் எடுத்த முடிவுக்கு என்ன மதிப்பு?': கதை கேம்களின் கிளைமாக்ஸ் ஏன் இவ்வளவு கோபப்படுத்துகிறது?

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: வெண்பா, மாஸ் எஃபெக்ட் 3, தி வாக்கிங் டெட், லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச், டெட்ராய்ட் ஆகிய கேம்களின் முடிவுகள் இதில் பேசப்படுகின்றன.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. செம்பூரில் என் வீட்டு ஹாலில் மூன்று பேர். மாட்டுங்காவில் இருந்து வந்த அத்தை பையன், தாராவி 90 அடி சாலைப் பக்கம் வளர்ந்த என் கல்லூரி நண்பன், நான். டிவியில் 'வெண்பா' கேம் ஓடிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் கை மாறி மாறிப் போனது. ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. முடிந்தவுடன் சண்டை ஆரம்பித்தது.

"அக்கா, நான் எந்த பதிலை செலக்ட் பண்ணினாலும் கடைசியில இதேதான் நடக்கும்னா, எதுக்கு என்கிட்ட கேட்கணும்?" என்றான் அத்தை பையன். ஐ.டி.யில் இருப்பவன். பட்டன் அழுத்தினால் ஏதாவது மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பவன். நண்பன் எதுவும் சொல்லவில்லை. திரையில் ஓடிய பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கேள்வி புதுசில்லை. முடிவெடுக்கும் பொறுப்பை ஆடுபவரிடம் கொடுக்கும் 'கதை கேம்'கள் பிரபலமான நாளில் இருந்து உலகம் முழுக்க இதே சண்டைதான். சோகமான முடிவு என்றால் ஆட்கள் கோபப்படுவார்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். பெரிய சர்ச்சைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சோகத்தை மன்னித்துவிடுகிறார்கள். தாங்கள் செய்ததை கேம் மறந்துவிட்டால்தான் மன்னிப்பதில்லை.

எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், 'வெண்பா' என்றால் என்ன?

கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன ஸ்டூடியோ, அபி என்ற தமிழரின் தலைமையில் உருவாக்கிய கேம் இது. 2023 ஜூலை 31 அன்று வெளியானது. 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவர் கணவர் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் என மூன்று பேரின் கதை. சமைப்பதுதான் ஆட்டம். அம்மாவிடம் இருந்து வெண்பாவுக்கு வந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, கறை படிந்து கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். நடுநடுவே உரையாடல்களில் என்ன பதில் சொல்வது என்று நம்மைக் கேட்கும்.

2024இல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் உயரிய பரிசும், பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும் இதற்குக் கிடைத்தன. இட்லித் தட்டை அடுக்கத் தெரிந்தால் தாண்டக்கூடிய ஒரு புதிர் உலக மேடை ஏறியதில் நமக்கெல்லாம் சந்தோஷம்தான். கூடவே இரண்டு புகார்களும் வந்தன. ஒன்று, ரொம்பச் சின்ன கேம். இரண்டாவது, சாய்ஸ் கேட்கிறது, ஆனால் கதை மாறுவதில்லை.

அந்த இரண்டாவது புகாரைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2012: கோபம் கப்கேக் வடிவில் வந்தபோது

பயோவேர் நிறுவனத்தின் 'மாஸ் எஃபெக்ட்' மூன்று பாகங்கள் கொண்ட விண்வெளிக் கதை. 2007, 2010, 2012 என்று வந்தது. முதல் பாகத்தில் நீங்கள் காப்பாற்றிய ஆள் அடுத்த பாகத்தில் உயிரோடு வருவார். கைவிட்ட ஆள் வர மாட்டார். உங்கள் பழைய சேவ் ஃபைலை அடுத்த பாகத்துக்குள் கொண்டுபோகலாம். ஐந்து வருஷம் இந்த வாக்குறுதியை நம்பித்தான் ஆட்கள் ஆடினார்கள்.

2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வந்தது. கிளைமாக்ஸில் மூன்று வழிகள் இருந்தன. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான், வெடிப்பின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறும். யாரைக் காப்பாற்றினோம், யாரோடு நட்பானோம், எந்த இனத்தோடு சமாதானம் செய்தோம் என்ற பழைய கணக்கு எதுவுமே அந்தக் கடைசி நிமிடங்களில் பேசப்படவில்லை.

ரசிகர்களின் எதிர்ப்பு விதவிதமாக வந்தது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையத்தில் ஒருவர் புகாரே கொடுத்தார். எதிர்ப்பின் பெயரில் குழந்தைகளுக்கான அறக்கட்டளைக்கு 80 ஆயிரம் டாலருக்கு மேல் நன்கொடை திரட்டினார்கள். பயோவேர் அலுவலகத்துக்கு சுமார் 400 கப்கேக் அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை கிரீம். உள்ளே எல்லாமே ஒரே வெனிலா. இதைவிடத் தெளிவாக ஒரு விமர்சனம் எழுத முடியாது.

ஜூன் 26 அன்று பயோவேர் இலவசமாக ஒரு நீட்டிக்கப்பட்ட முடிவை வெளியிட்டது. அடிப்படை முடிவுகளை அவர்கள் மாற்றவில்லை. மூன்றையும் மறுத்துவிடும் நான்காவது வழி ஒன்றைச் சேர்த்தார்கள். முக்கியமாக, நீங்கள் எடுத்த முடிவுகளால் யார் என்ன ஆனார்கள் என்று காட்டும் காட்சிகளைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் திருப்தி வந்துவிடவில்லை. ஆனால் கோபத்தின் சூடு குறைந்தது. முடிவு அதேதான். அது இப்போது உங்களை ஞாபகம் வைத்திருந்தது, அவ்வளவே.

எல்லா சாய்ஸையும் நிஜமாக்கினால்தான் என்ன?

கணக்கு இடம் கொடுக்காது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டே வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிக் கதை எழுதினால் 10 முடிவுகளுக்குப் பிறகு 1,024 கதைகள். 20 முடிவுகளுக்குப் பிறகு 10,48,576 கதைகள். ஒவ்வொன்றுக்கும் வசனம் எழுதி, குரல் கொடுத்து, காட்சி வரைய எந்த ஸ்டூடியோவிடமும் பணமோ ஆளோ கிடையாது. அப்படியே செய்தாலும், ஒருமுறை ஆடுபவர் அதில் ஒரே ஒரு கதையைத்தான் பார்ப்பார்.

அதனால் எல்லா ஸ்டூடியோக்களும் செய்வது ஒன்றுதான். கதையைப் பிரிப்பார்கள், கொஞ்ச தூரம் தனித்தனியாக ஓட விடுவார்கள், மறுபடி ஒரே இடத்தில் சேர்ப்பார்கள்.

மும்பைக்காரர்களுக்கு இது தினசரி அனுபவம். சி.எஸ்.எம்.டி.யில் இருந்து குர்லாவுக்கு மெயின் லைனில் வரலாம், ஹார்பர் லைனிலும் வரலாம். ஒன்றில் தாதர், மாட்டுங்கா, சயான் வரும். இன்னொன்றில் வடாலா, ஜி.டி.பி. நகர், சுனாபட்டி வரும். ஜன்னலில் தெரியும் ஊர் வேறு, ஏறி இறங்கும் ஆட்கள் வேறு, உங்களுக்கு உட்கார சீட் கிடைக்குமா என்பதும் வேறு. ரெண்டுமே குர்லாவில்தான் வந்து நிற்கும். கதை கேமின் பெரிய திருப்பங்கள் எல்லாம் குர்லா ஸ்டேஷன் மாதிரி. எந்த வண்டியில் வந்தாலும் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

அப்படியானால் ஆடுபவரின் சாய்ஸ் எங்கே போகிறது? கேமுக்குள் ஒரு சின்னக் குறிப்பாகச் சேமிக்கப்படுகிறது. 'உணவைத் திருடினார்: ஆம்.' 'பொய் சொன்னார்: இல்லை.' பின்னால் ஒரு காட்சியில் கேம் இந்தக் குறிப்பைப் புரட்டிப் பார்த்து, அதற்கேற்ப ஒரு வசனத்தை மாற்றும். ஒரு வசனம் எழுதப் பெரிய செலவு ஆகாது. ஆனால் ஆடுபவருக்கு 'இது என்னைக் கவனித்திருக்கிறது' என்ற உணர்வு அங்கேதான் வருகிறது.

அதே தந்திரம், ஆனால் அழுதார்கள்

மாஸ் எஃபெக்ட் 3 வந்த அதே 2012இல் டெல்டேல் நிறுவனத்தின் 'தி வாக்கிங் டெட்' ஐந்து பகுதிகளாக வந்தது. லீ என்ற மனிதர், கிளெமென்டைன் என்ற சிறுமியைக் காப்பாற்றிக் கூட்டிப்போகும் கதை. முதல் பகுதியில் கார்லி, டக் என்ற இரண்டு பேரில் ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும். நீங்கள் யாரைக் காப்பாற்றினாலும் அவர் மூன்றாம் பகுதியில் சுடப்பட்டு இறந்துவிடுவார். நீங்கள் எவ்வளவு நல்லவராக ஆடினாலும் லீக்குக் கடி படும். தப்பிக்க வழியே கிடையாது.

கணக்குப்படி பார்த்தால் இதற்கும் கப்கேக் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த ஆண்டின் பல விருதுகளை அள்ளியது. ஆடியவர்கள் அழுததாகச் சொன்னார்கள்.

என்ன வித்தியாசம்? கடைசிப் பகுதியில் ஓர் அறையில் முன்பின் தெரியாத ஒருவன் லீயை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறான். நீ அன்று அந்தக் காரில் இருந்த உணவை எடுத்தாயா? அந்தக் குழந்தையை எந்த ஆபத்துக்குள் எல்லாம் கூட்டிப்போனாய்? நீங்கள் செய்த ஒவ்வொன்றும் உங்கள் முகத்துக்கு நேரே திரும்பி வருகிறது. பிறகு கடைசி நிமிடங்களில், அந்தச் சிறுமிக்கு லீ என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று உங்களிடம் கேட்கிறது. லீயின் விதி மாறாது. அவர் என்ன மாதிரி மனிதராக இருந்தார் என்பது உங்கள் கையில்தான் இருந்தது.

எண்கள் சொல்வது என்ன?

டேட்டாவோடு வேலை செய்பவள் என்பதால் எனக்கு டெல்டேலின் இன்னொரு வழக்கமும் பிடிக்கும். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும், மற்ற ஆட்டக்காரர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்களைப் போலவே முடிவெடுத்தார்கள் என்று திரையில் காட்டும். 2018இல் வந்த 'டெட்ராய்ட்: பிகம் ஹ்யூமன்' இன்னும் ஒரு படி மேலே போய், முழுக் கிளைப்படத்தையே சதவீதத்தோடு வரைந்து காட்டியது.

இதில் பலரும் பேசிய ஓர் எண் இருக்கிறது. மாஸ் எஃபெக்டில் முன்பு வேலை செய்த ஒரு வடிவமைப்பாளர் 2020இல் சொன்னது: சுமார் 92 சதவீதம் பேர் நல்லவராகவே ஆடினார்கள். கெட்டவராக ஆடுவதற்கென்று உழைத்து எழுதிய காட்சிகளைப் பெரும்பாலானோர் பார்க்கவே இல்லை.

யாரும் பார்க்காத, யாரும் தண்டிக்காத இடத்தில்கூட நாம் நல்லவராக இருக்கத்தான் விரும்புகிறோம் என்று இதைப் படிக்கலாம். இன்னொரு மாதிரியும் படிக்கலாம். 'நல்லது, கெட்டது' என்று லேபிள் ஒட்டி வைத்தால் அது கஷ்டமான முடிவே அல்ல. இரண்டு பக்கமும் இழப்பு இருந்தால்தான் கை நடுங்கும். 2015இன் 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' கடைசியில் அதைத்தான் கேட்டது. உயிர்த்தோழியா, ஊரா? ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வருஷக்கணக்கில் வாதாடினார்கள். அங்கேயும் அதிகம் வந்த குறை நாம் பார்த்த அதே குறைதான்: அதுவரை செய்த எதுவும் அந்தக் கடைசிக் கேள்வியில் எண்ணப்படவில்லை. ஊரைக் கைவிட்டு தோழியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வந்த காட்சி இன்னொன்றைவிடச் சின்னது என்ற வருத்தமும் சேர்ந்துகொண்டது.

டெட்ராய்ட்டின் மெனு திரையில் குளோயி என்ற ஆண்ட்ராய்டு பெண் உங்களோடு பேசிக்கொண்டே இருப்பாள். கதையை முடித்ததும், நான் போகட்டுமா என்று கேட்பாள். சரி என்றால் நிஜமாகவே போய்விடுவாள். மெனு காலியாக இருக்கும். அவளை விடுவித்தவர்களில் பலர் அந்த வெறுமை தாங்காமல் அவளைத் திரும்பக் கேட்டார்கள். ஸ்டூடியோ பிறகு அப்டேட்டில் அதற்கு ஒரு வழி செய்தது. நல்லது செய்ததற்கு ஒரு விலை இருந்தது, அந்த விலை தினமும் கண்ணில் பட்டது. எந்தச் சதவீதமும் இதைக் காட்டாது.

இந்த மாதிரி எண்களைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். ஒன்று, முடிவு பற்றிய எண்ணிக்கையில் முடிவு வரை ஆடியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பாதியில் சலித்தோ மனசு தாங்காமலோ விட்டவர்கள் கணக்கில் இல்லை. இரண்டாவது, பட்டனை யார் அழுத்தினார்கள் என்று தெரியும். அழுத்துவதற்கு முன் எவ்வளவு நேரம் யோசித்தார்கள் என்று அந்த எண்ணில் தெரியாது.

திரும்ப வெண்பாவுக்கு வருவோம்

வெண்பாவில் ஊருக்குத் திரும்புவதா, கனடாவிலேயே இருப்பதா என்ற பேச்சு ஆரம்பத்திலேயே வருகிறது. நீங்கள் என்ன பதில் சொன்னாலும் கதை கனடாவில்தான் தொடரும். கவின் வளர வளரத் தமிழில் இருந்து விலகுவான். கடைசியில் வெண்பா தனியாக இந்தியா திரும்பிவிடுவார். எல்லா வண்டியும் குர்லாவில்தான் நிற்கும்.

ஆனால் கேம் உங்களிடம் எதைக் கேட்கிறது என்று கவனியுங்கள். மகன் வீட்டுச் சாப்பாட்டை ஒதுக்கும்போது அம்மா என்ன சொல்வாள்? கோபமா, சிரித்துச் சமாளிப்பதா, விட்டுக்கொடுப்பதா? பெரிய முடிவுகளை வேலை, விசா, பள்ளிக்கூடம் எல்லாம் எப்போதோ எடுத்தாகிவிட்டது. அந்த அம்மா கையில் மிச்சம் இருப்பது வார்த்தை மட்டும்தான். குடிபெயர்ந்த வாழ்க்கையைப் பற்றிய உண்மை இது என்று நான் நினைக்கிறேன்.

பின்பகுதியில் ஆட்டம் கவின் கைக்கு மாறுகிறது. அம்மாவின் சமையல் குறிப்பு தமிழில் இருக்கிறது. அவனுக்கு முழுசாகப் படிக்க வராது. இதுவரை கறையால் மறைந்த வரிகளை ஊகித்த நாம், இப்போது தெரியாத மொழியால் மறைந்த வரிகளை ஊகிக்கிறோம்.

எங்கள் ஹாலில் அந்த இடத்தில்தான் ஆட்டம் நின்றது. கன்ட்ரோலர் அத்தை பையன் கையில் இருந்தது. அவனுக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. மாட்டுங்காவில் பிறந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன், பள்ளியில் இந்தியும் மராத்தியும்தான். திருநெல்வேலியில் இருக்கும் பாட்டிக்கு வாய்ஸ் நோட் மட்டும் அனுப்புவான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் மகாராஷ்டிரத்தில் சுமார் 5 லட்சம் பேர். அதில் எத்தனை பேர் தமிழ் படிப்பார்கள் என்று அந்த எண் சொல்லாது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று மூன்று இடத்திலும் வீட்டுக்கு வீடு ஒரு கவின் இருக்கிறான். எந்த மீடியம் என்று நாலு வயதில் அவனிடம் யாரும் ஆப்ஷன் காட்டிக் கேட்கவில்லை.

ஆப்ஷனை எழுதியது யார்?

"சாய்ஸ் எதுவும் மாறலைனு நீ கோபப்படுற," என்றான் நண்பன், அதுவரை பேசாதவன். "எங்க வீட்டுல இப்போ எங்க அம்மாகிட்ட ஆப்ஷன் கேட்டா, முதல்ல அவங்க கேட்கறது, இந்த லிஸ்ட்டை எழுதினது யாருன்னுதான்."

தாராவி மறுசீரமைப்பைத்தான் சொன்னான். அரசு அறிவித்த விதிகளின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011க்குள் வந்தவர்களுக்கும், மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டியோ வாடகை முறையிலோதான் வீடு. ஒரே குறுகலான ஏணி. கீழே இருப்பவர் ஒரு முடிவுக்குப் போகிறார், மேலே இருப்பவர் இன்னொரு முடிவுக்கு. யாரிடமும் 'கீழேயா, மேலேயா' என்று முன்கூட்டியே கேட்கவில்லை. இந்தத் தேதி பிற்பாடு இவ்வளவு முக்கியமாகும் என்று 25 வருஷம் முன்னால் குடிவந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

கேமையும் வாழ்க்கையையும் ஒன்றாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. கேமை ரீஸ்டார்ட் பண்ணலாம், சர்வேயை முடியாது. ஆனால் கோபத்தின் வடிவம் ஒன்றுதான். முடிவு கசப்பாக இருக்கலாம். அந்த முடிவுக்கு வரும்போது, நாம் இதுவரை வாழ்ந்தது கணக்கில் வந்ததா என்றுதான் மனிதர்கள் கேட்கிறார்கள். 400 கப்கேக் அனுப்பியவர்களும் கேட்டது அதைத்தான், பல மடங்கு சின்னப் பிரச்னைக்கு.

சரி, அடுத்த முறை ஆடும்போது?

ஒரு கதை கேமின் முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். நான் எதைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று கேம் நேர்மையாகச் சொன்னதா? கடைசியில் நான் செய்ததை ஞாபகம் வைத்திருந்ததா? விதி மாறாதென்றால், நான் யாராக இருக்கலாம் என்பதையாவது என் கையில் விட்டதா? மூன்றுக்கும் இல்லை என்றால் உங்கள் கோபம் நியாயம்தான். ஒன்றுக்காவது ஆம் என்றால், உங்களுக்கு வந்தது ஒருவேளை கோபம் இல்லை, வருத்தமாக இருக்கலாம்.

அத்தை பையன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 'வெண்பா'வுக்குக் குறைந்தது இரண்டு எண்டிங் இருந்திருக்க வேண்டும் என்கிறான். ஆனால் போன வாரம் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். பாட்டி கைப்பட எழுதிய ஒரு பக்கம், வத்தக்குழம்புக் குறிப்பு. மூன்றாவது வரியில் ஒரு வார்த்தையை வட்டம் போட்டிருந்தான்.

"அக்கா, இது என்ன எழுத்து?"